ஆள் மாறினாலும் ஓடும் சோதனை: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சிறு மென்பொருள் குழுக்களுக்குத் தொடர் ஒருங்கிணைப்பு

ராஜபாளையத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமிலிருந்து இறங்கும் சின்னப் பாபின்களின் நூலைப் பெரிய கோனில் சுற்றுவது ஆட்டோகோனர். சுற்றும்போதே ஒவ்வொரு நூலும் ஓர் உணர்கருவியின் ஊடாக ஓடுகிறது. தடித்த இடமோ மெலிந்த இடமோ வந்தால் கருவி அங்கேயே நூலை வெட்டி, குறையை அகற்றி, இரு முனைகளையும் காற்றழுத்தத்தால் பிணைத்து, மறுபடி ஓடவிடுகிறது. கோன் முழுக்கச் சுற்றி முடித்த பின் குறையைத் தேடினால் அது பல ஆயிரம் மீட்டர் நூலுக்குள் புதைந்து கிடக்கும். கடைசியில் துணி நெய்பவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். மென்பொருளில் தொடர் ஒருங்கிணைப்பு, சுருக்கமாக சிஐ, என்று சொல்லப்படும் முறையின் வேலையும் இதுதான்: சேரும் இடத்திலேயே, சேரும்போதே சோதிப்பது.

முறையை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருளை எழுதும் எல்லோரும் தங்கள் மாற்றங்களை நாளுக்கு ஒரு முறையாவது பொதுக் கிளையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சேர்ப்பின்போதும் எவருடைய மேசையிலும் இல்லாத ஒரு சுத்தமான கணினி நிரல் முழுவதையும் புதிதாக இறக்கி, ஓடும் மென்பொருளாகத் தொகுத்து (பில்ட் செய்து), சோதனைகளை ஓட்டி, சில நிமிடங்களில் 'சரி' அல்லது 'உடைந்தது' என்று சொல்ல வேண்டும். உடைந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இவற்றில் இயந்திரத்தின் பங்கு நடுவில் வரும் ஒன்று மட்டுமே. முதலும் கடைசியும் மனிதர்களின் பழக்கம்.

இந்த முறை பெரிய நிறுவனங்களில் பிறந்தது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து மில்லுக்குச் சம்பளக் கணக்கோ, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி உற்பத்தியாளருக்கு பில் போடும் மென்பொருளோ, பால்கோவா கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலியோ எழுதும் இடத்தில் இது தேவையா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இந்த வட்டாரத்தில் அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் வந்தது. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் குழுமத்திலிருந்தே பின்னாளில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் முளைத்தது. ஆனால் அதன் தலைமையகம் சென்னையில் அமைந்தது. ஊரில் கற்றவர்கள் வெளியூரில் எழுதுகிறார்கள் என்பதே பல ஆண்டுகளாக இங்கே நடப்பு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ அலுவலகம் வேறு வழியும் உண்டு என்று காட்டியிருக்கிறது. ஆனால் அது ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை; பின்னால் நிற்கும் கட்டமைப்பு பெரிது. சொந்தக் காலில் நிற்கும் மூன்று பேர் குழுவின் நிலை அதுவல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பேருக்கு சிஐ கட்டாயம் வேண்டும். ஆனால் பாடநூல்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வேகமாக வெளியிடலாம், பலர் எழுதுவது மோதாமல் இருக்கும் என்பவை பெரிய குழுக்களின் காரணங்கள். சிறு ஊரின் சிறு குழுவுக்கு மிகப் பெரிய ஆபத்து, விஷயம் தெரிந்த ஒருவர் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விடுவது. அவர் தலைக்குள் இருப்பதை ஓடக்கூடிய வடிவில் ஊரிலேயே தங்கவைக்கும் வழியாகத்தான் சிஐ இங்கே மதிப்புப் பெறுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 'தொடர் ஒருங்கிணைப்பு' என்ற தொடரை 1991இல் கிரேடி பூச் பயன்படுத்தினார். மைக்ரோசாஃப்டில் 1990களிலேயே தினமும் இரவில் முழு பில்ட் செய்யும் வழக்கம் இருந்தது. நாளுக்கு ஒரு முறை என்பதை நாளுக்குப் பல முறை என்று மாற்றியது கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் இயக்கம். மார்ட்டின் ஃபவுலர் 2000இல் எழுதி 2006இல் திருத்திய கட்டுரை இதைப் பரவலாக்கியது. 2001இல் தாட்வொர்க்ஸ் வெளியிட்ட குரூஸ்கன்ட்ரோல் முதல் பரவலான கருவி. சன் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன், சன்னை வாங்கிய ஆரக்கிளுடன் ஏற்பட்ட பெயர்ப் பிணக்குக்குப் பின் 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. அதே 2011இல் பெர்லினில் டிராவிஸ் சிஐ தொடங்கியது. சொந்தமாகச் சர்வர் வைக்காமலே திறமூலத் திட்டங்கள் சோதனை ஓட்ட முடியும் என்ற நிலை அதனால் வந்தது. 2019 நவம்பரில் கிட்ஹப் தளத்தின் சொந்தச் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. குரூஸ்கன்ட்ரோல் காலத்தில் இதற்கென ஒரு கணினியும் அதைப் பராமரிக்க ஒரு ஆளும் வேண்டியிருந்தது. இன்று நிரலைச் சேமிக்கும் களஞ்சியமான ரெப்போவுக்குள் இருபது வரியில் ஒரு கோப்பு போதும். சிறு குழுவுக்குத் தடையாக இருந்த செலவு ஏறத்தாழ மறைந்துவிட்டது.

பலன் இருக்கிறதா என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 2016இல் மைக்கேல் ஹில்டன் குழுவினர் 34,544 திறமூலத் திட்டங்களை ஆராய்ந்தனர். அவற்றில் 40 விழுக்காடு சிஐ பயன்படுத்தின. பயன்படுத்தியவை மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அடிக்கடி புதிய வெளியீடு தந்தன. பயன்படுத்தாதவர்கள் சொன்ன முதல் காரணம், குழுவில் உள்ளவர்களுக்கு சிஐ போதிய அளவு பழக்கமில்லை என்பது. இந்தப் பதிலை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தடை பணத்திலோ கருவியிலோ இல்லை, பழகாமையில் இருக்கிறது என்றால், பழக்கிவிடக் கூடிய கல்லூரிகள் இரண்டு பக்கத்திலேயே இருக்கும் இந்த வட்டாரத்துக்கு அது நல்ல செய்தி. ஹில்டன் ஆய்வுக்கு முந்தைய ஆண்டு போக்தன் வசிலெஸ்கு குழுவினர் கிட்ஹப் திட்டங்களைப் பார்த்து, சிஐ உள்ள இடத்தில் முதன்மை உறுப்பினர்கள் அல்லாதவர்களின் பங்களிப்பு கூடுதலாக ஏற்கப்படுவதையும், தரம் கண்கூடாகக் குறையாததையும் காட்டினர்.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். 2019இல் வந்த ஓர் ஆய்வு 'சிஐ நாடகம்' என்று ஒன்றைப் பற்றிப் பேசியது. 1,270 திட்டங்களில் 60 விழுக்காட்டில் சேர்ப்புகள் அரிதாகவே நடந்தன. 85 விழுக்காட்டில் குறைந்தது ஒரு தடவையாவது உடைந்த பில்ட் நான்கு நாளுக்கு மேல் சரிசெய்யப்படாமல் கிடந்தது. கருவி இருந்தது, பழக்கம் இல்லை. கூகுளின் அனுபவம் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2016இல் அந்நிறுவனம் தன் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவு நிலையின்மை இருப்பதாகச் சொன்னது. அதாவது நிரல் மாறாமலே ஒருமுறை தேறும், மறுமுறை தவறும். இப்படிப்பட்ட சோதனைகள் 'உடைந்தது' என்று காட்டும் சிவப்பு விளக்கின் மேல் உள்ள நம்பிக்கையைக் கெடுக்கின்றன. 'அது அப்படித்தான், மறுபடி ஓட்டு' என்று ஒருவர் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து சிஐ பயனற்றுப் போகிறது. சிறு குழு இதில் கறாராக இருக்க வேண்டும்: நிலையற்ற சோதனையைத் திருத்த வேண்டும், அல்லது நீக்கிவிட வேண்டும். ஐம்பது நம்பகமான சோதனைகள் போதும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் உலகெங்கும் பரந்த திறமூலத் திட்டங்களையோ கூகுள் போன்ற பெரிய நிறுவனத்தையோ பற்றியவை. மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதும்போது மோதல் என்பதே குறைவு. அருகில் இருப்பவரிடம் வாயால் கேட்டுவிடலாம். அதனால்தான் இங்கே பலனை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு மில்லின் சம்பள மென்பொருளை எழுதியவர் விலகிப் போகிறார் என்று கொள்வோம். அவரோடு என்னென்ன போகிறது? எந்த ஜாவா பதிப்பில் பில்ட் ஆகும் என்பது போகிறது. தரவுத்தள ஸ்கிரிப்டுகளை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்பது போகிறது. வார விடுமுறையில் வேலை செய்த தொழிலாளிக்கு மாற்று விடுப்பும் கூடுதல் ஊதியமும் எப்படிக் கணக்காகின்றன என்ற விதிவிலக்கு போகிறது. அவருடைய மடிக்கணினியில் மட்டும் நிறுவியிருந்த ஒரு நூலகக் கோப்பு போகிறது. 'என் கணினியில் ஓடுகிறதே' என்ற வாசகம் மென்பொருள்காரர்களிடம் மிகப் பழையது. இங்கே நிலைமை அதைவிடக் கடினம். ஓடிய அந்தக் கணினியே ஊரைவிட்டுப் போய்விட்டது.

இதற்கு ஆவணம் எழுதிவைத்தால் போதாதா? எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஆவணம் எழுதிய நாளன்று மட்டும் உண்மை. நிரல் மாறும்போது அதைத் திருத்த யாருக்கும் நினைவு வராது. சிஐ கோப்பு அப்படி அல்ல. ஜாவாவின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம், எந்த வரிசை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. தினமும் ஒரு வெற்றுக் கணினி அந்த எழுத்தை மட்டும் நம்பி முழு மென்பொருளையும் எழுப்பிப் பார்க்கிறது. எழுத்து பொய்யானால் அன்றே தெரிந்துவிடும். சோதனைகளும் அப்படியே. 'வார விடுமுறை வேலைக்கு மாற்று விடுப்பு உண்டு' என்பது சோதனையாக இருந்தால், இரண்டு ஆண்டு கழித்து வரும் புது ஆள் தெரியாமல் அந்த விதியை உடைத்தாலும், எழுதிய ஆள் இல்லாமலே சோதனை அவரைத் தடுத்து நிறுத்தும்.

அப்படியானால் எதைச் சோதிப்பது? எல்லாவற்றையும் சோதிக்கச் சிறு குழுவுக்கு நேரம் இல்லை. பணம் கைமாறும் இடத்தையும், தமிழ் எழுத்து புழங்கும் இடத்தையும் முதலில் சோதிக்க வேண்டும் என்பேன்.

பணத்துக்கு ஜிஎஸ்டியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றத்தின் 56ஆவது கூட்டம் விகிதங்களை மாற்றியது. செப்டம்பர் 22இலிருந்து அமல். 12 விழுக்காட்டு அடுக்கும் 28 விழுக்காட்டு அடுக்கும் பொதுவாக எடுக்கப்பட்டன. மருத்துவப் பயனுக்காகச் சில்லறைப் பொட்டலமாக விற்கப்படும் பேண்டேஜ், காஸ் போன்றவை 12இலிருந்து 5க்கு வந்தன. பில் போடும் மென்பொருள் எழுதியவர்களுக்குக் கிடைத்தது 19 நாள். விகிதத்தை ஓர் எண்ணாக நிரலுக்குள் பதித்து வைத்திருந்தால், 12ஐ 5 ஆக்கியவுடன் ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி அச்சிடும்போதும் 5 விழுக்காடு வரும். ஜூலையில் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் வரி தவறும்.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. விகிதம் மாறும் தேதியைச் சுற்றி நடக்கும் வியாபாரத்துக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆவது பிரிவு விதி சொல்கிறது. சரக்கு கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றும் மாற்றத் தேதிக்கு முன்னும் பின்னுமாகச் சிதறினால் ஆறு நிலைமைகள் பிறக்கின்றன. சரக்கும் பில்லும் முன்பு, பணம் மட்டும் பின்பு என்றால் பழைய விகிதம். சரக்கு மட்டும் முன்பு, பில்லும் பணமும் பின்பு என்றால் புது விகிதம். பில்லும் பணமும் முன்பே முடிந்து சரக்கு மட்டும் பிறகு போனால் பழைய விகிதம். ஆறையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம் என்று விளங்கும். ஆறு நிலைமைகளுக்கு ஆறு சோதனை. ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம். கணக்கரை அருகில் வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது, ஏனெனில் சரியான விடை எது என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். விகிதம் அடுத்து எப்போது மாறினாலும் அந்த ஆறு சோதனைகள் புது தேதியோடு மறுபடி உதவும். எழுதியவர் அப்போது எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. பைசாவை ரூபாயாக முழுமையாக்குவது, ஒரே பில்லில் பல விகிதப் பொருள்கள் வருவது, மாநிலத்துக்குள் விற்றால் வரி இரண்டாகப் பிரிவது என்பவையும் இதே வகையில் சேரும்.

அடுத்தது தமிழ். இதை யாரும் சோதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சோதனைப் பாடங்கள் இதைச் சொல்லித் தராததால் நம் பிள்ளைகளுக்கும் இது தோன்றுவதில்லை. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் இங்கே புழங்கும் சில சொற்களையும் வைத்தே நான்கு சோதனைகள் எழுத முடியும்.

ராஜபாளையம் என்ற பெயரில் நம் கணக்குக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறியீடு. யுடிஎஃப்-8 வடிவில் 30 பைட். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீயை ஓர் எழுத்தாகக் கொண்டால் எட்டு எழுத்து, குறியீடுகள் 18, பைட்டுகள் 54. முகவரிப் புலத்துக்கு 50 பைட் ஒதுக்கிய பழைய தரவுத்தளத்தில் இந்தப் பெயர் முழுமையாக அடங்காது. 48 பைட்டோடு 'தூ' முடிகிறது. 50இல் வெட்டினால் 'ர' என்ற எழுத்தின் நடுவில் வெட்டு விழும். அப்போது சிலசமயம் வாடிக்கையாளர் பெயரின் கடைசியில் கறுப்புக் கட்டம் தெரியும், சிலசமயம் மென்பொருளே நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது எந்நாளும் தெரியவராது.

ஸ்ரீ எழுத்து இன்னும் நுட்பமானது. பல ஆண்டுகள் அதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகளாகத் தட்டெழுதி வந்தோம். 2005இல் வெளியான யூனிகோட் 4.1இல் ஶ சேர்க்கப்பட்டது. அதன்பின் ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசையும் அதே வடிவத்தைத் தருகிறது. பல எழுத்துருக்களில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஶ்ரீவில்லிபுத்தூரும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். கைப்பேசி விசைப்பலகை ஒன்று ஒரு வடிவத்தைத் தரும், அலுவலகக் கணினி மற்றொன்றைத் தரும். ஊர்வாரியாக வசூல் பட்டியல் எடுத்தால் ஒரே ஊர் இரண்டு வரியாக வரும். மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் வழக்கமான சீர்மையாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்காது. நாமே ஒரு விதி எழுதி, அதற்கு ஒரு சோதனையும் எழுதியாக வேண்டும்.

பால்கோவாவில் உள்ள 'கோ' வேறு வகைச் சிக்கல். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். இங்கே யூனிகோட் சீர்மையாக்கம் உதவுகிறது. சேமிக்கும்முன் அதை ஒருமுறை செய்தால் போதும். செய்யாவிட்டால் கடையின் சரக்குப் பட்டியலில் பால்கோவாவைத் தேடும்போது பாதி இருப்பு மட்டும் கிடைக்கும். ஔகாரத்துக்கு ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டெழுதுபவர்களின் பிழையை இந்தச் சீர்மையாக்கமும் திருத்தாது.

அகரவரிசை இன்னொன்று. குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் புள்ளி எழுத்துகள் அந்த வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஆகவே கலசம் முன்னாலும் கல்லூரி பின்னாலும் வரும். நம் அகராதியில் கல்லூரிதான் முன்னால். னகரத்துக்கு யூனிகோட் நகரத்தை அடுத்து இடம் தந்ததால் கனகம், கமலத்துக்கு முன் வருகிறது. நம் வரிசையில் னகரம் மெய்களில் கடைசி. வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ தமிழில் அச்சிடும் எவருக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

இந்த வேலைக்கு முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகம், தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது, அகரவரிசைப்படுத்துவது, பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவது போன்றவற்றைப் பைத்தானில் செய்கிறது. தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுதும் திட்டம் அது; அதன் சோதனைகள் டிராவிஸ் சிஐயில் ஓடிவந்தன. தமிழில் தொடர் ஒருங்கிணைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் மாணவர் அதன் சோதனைக் கோப்புறையைத் திறந்து படிக்கலாம். எழுத்துகளை எண்ணுவதற்கான சோதனைகளை அப்படியே தன் திட்டத்துக்கும் எடுத்தாளலாம்.

டிராவிஸின் பிற்காலமும் ஒரு பாடம். 2019இல் அது ஐடெரா நிறுவனத்திடம் கைமாறியது. 2020 நவம்பரில் கட்டண முறை மாறியது. திறமூலத் திட்டங்களுக்கு வரம்பில்லாத இலவசம் போனது. 2021 ஜூனில் பழைய இலவசத் தளம் மூடப்பட்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் தங்கள் அமைப்பை வேறிடத்துக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. எளிதாக மாறியவர்கள் யார் என்றால், பில்ட், சோதனைப் படிகளைத் தங்கள் ரெப்போவுக்குள் ஒரு சாதாரண ஸ்கிரிப்டாக வைத்துவிட்டு, சேவையின் கோப்பில் அந்த ஸ்கிரிப்டை அழைக்கும் ஒரே வரியை மட்டும் வைத்திருந்தவர்கள். இந்த ஒழுங்கை இன்றே தொடங்குபவர் பின்பற்றட்டும். அந்த ஸ்கிரிப்டை மேசைக் கணினியிலும் ஓட்டலாம், நாளை எந்தச் சேவையிலும் ஓட்டலாம்.

எங்கே ஓட்டுவது? கிட்ஹப்பில் பொது ரெப்போவுக்குக் கட்டணம் இல்லை. தனிப்பட்ட ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம். கிட்லாபில் 400 நிமிடம். மூன்று பேர், ஆளுக்கு நாளில் ஐந்து சேர்ப்பு, மாதம் 25 வேலை நாள் என்றால் 375 ஓட்டம். ஓர் ஓட்டம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் 2,000இல் அடங்கிவிடும். பத்து நிமிடமானால் அடங்காது. பில்லிங் மென்பொருளை விண்டோஸுக்காகவே எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் கணினியில் ஓடும் நிமிடத்துக்கு லினக்ஸைவிடச் செலவு அதிகம். கணக்குப் போடும் பகுதியைத் திரைப் பகுதியிலிருந்து பிரித்து எழுதினால் கணக்கின் சோதனையை லினக்ஸில் ஓட்டிவிடலாம். நிரலின் அமைப்புக்கும் அது நல்லது.

அலுவலகத்தில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் ஜென்கின்ஸ் நிறுவுவது இன்னொரு வழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் விருப்பப் பாடமாக உள்ள டெவ்ஆப்ஸில் ஜென்கின்ஸ் வருவதால் மாணவர்களுக்கு அது அறிமுகமானது. வாடிக்கையாளரின் தரவு வெளியே போகக் கூடாது என்று மில் நிர்வாகம் நிபந்தனை போட்டால் இதுவே வழி. ஆனால் அதற்கு மின்சாரம், யுபிஎஸ், புதுப்பிப்பு, காப்பு நகல் எல்லாம் நம் பொறுப்பு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் அது படுத்துவிடும். அதைவிட முக்கியம், அந்தக் கணினியை நிறுவியவரும் ஒரு நாள் பெங்களூர் போவார். ஆள் போனாலும் அறிவு தங்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடே ஒரு ஆளின் தலைக்குள் அடைபட்டுவிடும். எனவே நிபந்தனை ஏதும் இல்லாத குழுவுக்கு இணையச் சேவையையே நான் சொல்வேன். பொது ரெப்போவின் சிஐ சோதனைகளை அலுவலகக் கணினியில் தானாக ஓடவிடவே கூடாது. முன்பின் தெரியாதவர் தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் உங்கள் அலுவலக வலையமைப்புக்குள் நிரல் ஓட்டும் நிலை வரும்.

பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தை. 2021இல் கோட்கவ் என்ற சேவையின் ஸ்கிரிப்டை ஊடுருவியவர்கள் இரண்டு மாதம் பல நிறுவனங்களின் சிஐ கணினிகளிலிருந்து கடவுச்சொற்களைக் களவாடினர். 2025 மார்ச்சில் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய ஒரு பிறர் உருவாக்கிய துணைநிரல் கெடுக்கப்பட்டு, ரகசியங்கள் பதிவேட்டில் வெளிப்பட்டன. ஆகவே பிறர் எழுதிய துணைநிரலை முடிந்த அளவு குறைக்க வேண்டும். பயன்படுத்தினால் குறிப்பிட்ட கமிட் எண்ணோடு கட்டிவைக்க வேண்டும். சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர்களின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் எடுக்கவே கூடாது. அவசரத்தில் முழுத் தரவுத்தளத்தையும் ரெப்போவில் போட்டுவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் தரக் கூடாது.

சிஐயால் முடியாதவையும் உண்டு. எடை மேடையோடு பேசும் கம்பி, பில் அச்சிடும் தெர்மல் பிரிண்டர், மில்லுக்குள் இருக்கும் வருகைப்பதிவுக் கருவி இவற்றை இணையத்தில் எங்கோ இருக்கும் கணினி சோதிக்க முடியாது. மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொண்டு சேர்ப்பதும் தனி வேலை. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரலை ஏற்றாமல் விட்டது. முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் போனது. நம் குழுவின் வாடிக்கையாளர்கள் இருபது பேர் இருபது பழைய பதிப்புகளை வைத்திருந்தால் அதே ஆபத்து சிறிய அளவில் இங்கும் இருக்கிறது. இதற்குக் குறைந்தபட்ச மருந்து, ஒவ்வொரு பில்டுக்கும் சிஐ தரும் எண்ணை மென்பொருளின் முகப்புத் திரையில் காட்டுவது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அந்த எண்ணைப் படித்துச் சொன்னால் அவரிடம் இருப்பது எந்த நிரல் என்று அப்போதே தெரிந்துவிடும்.

கல்லூரிகளுக்கு வருகிறேன். டெவ்ஆப்ஸ் ஆய்வகத்தில் மாணவர் ஜென்கின்ஸை நிறுவி, மாதிரி நிரல் ஒன்றை ஓட்டி, பதிவேட்டில் கையொப்பம் வாங்குகிறார். அதே மாணவரின் இறுதியாண்டுத் திட்டப்பணியில் சிஐ இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. திட்டப்பணி ஒரு செயல்விளக்க நாளுக்காக எழுதப்படுகிறது. அந்த நாள் முடிந்ததும் மடிக்கணினியோடு போய்விடுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் அதே தலைப்பை எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். பல ஆண்டு உழைப்பு ஒன்றின் மேல் ஒன்றாகச் சேராமல் போகிறது.

இதை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. ஒவ்வொரு துறையும் இரண்டே திட்டங்களைத் தேர்ந்து பொது ரெப்போவில் வைக்கட்டும். சத்திரப்பட்டித் தறிக்காரர்களுக்கான பில் மென்பொருள் ஒன்றாக இருக்கலாம், அரசுப் பள்ளிக்கான தமிழ்ப் பட்டியல் மென்பொருள் இன்னொன்றாக இருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் புதுக் குழு அதை ஏற்கும்போது முதல் வாரத்து வேலை ஒன்றே: ரெப்போவை இறக்கி, சோதனைகள் பச்சையாக ஓடுவதைக் காட்டுவது. ஓடாவிட்டால் மதிப்பெண் குறைய வேண்டியது விட்டுப்போன குழுவுக்கு. அதற்காக முந்தைய குழுவின் மதிப்பெண்ணில் ஒரு பகுதி அவர்கள் படிப்பை முடிக்கும் முன்பே இளைய மாணவர்களின் கையால் சோதிக்கப்பட வேண்டும். ஏப்ரலில் செயல்விளக்கம் என்றால் மார்ச்சிலேயே மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அந்த ரெப்போவைத் தன் கணினியில் எழுப்பி, 14ஆவது பிரிவின் ஆறு சோதனைகளில் ஒன்றை வேண்டுமென்றே உடைத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்து, திரும்பச் சரிசெய்து சேர்க்கட்டும். அவருடைய கையொப்பமும் திட்டப்பணி அறிக்கையில் இடம்பெறட்டும்.